டெர்ரேரியம்: கண்ணாடிக்குள் வளரும் சிறு தோட்டம்

டெர்ரேரியம் என்பது கண்ணாடிக் குடுவை, ஜாடி அல்லது பெட்டிக்குள் மண்ணிட்டுச் சிறு செடிகளை வளர்க்கும் உள்ளகத் தோட்டம் ஆகும். ‘டெர்ரா’ என்னும் லத்தீன் சொல்லுக்கு நிலம் என்று பொருள். மீன்களை வளர்க்கும் கண்ணாடித் தொட்டி அக்குவேரியம் எனப்படுவது போல, நிலத்தாவரங்களை வளர்க்கும் கண்ணாடிக் கலத்துக்கு இப்பெயர் அமைந்தது. தமிழில் கண்ணாடித் தோட்டம் என்றும் குடுவைத் தோட்டம் என்றும் இதைச் சொல்லலாம். பல்லி, ஓணான் போன்ற விலங்குகளை வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிகளையும் சிலர் இதே பெயரால் அழைப்பதுண்டு. இக்கட்டுரை செடிகள் வளரும் கண்ணாடித் தோட்டத்தைப் பற்றியது.

வரவேற்பறை மேசை, அலுவலக மேசை, புத்தக அலமாரி என எங்கும் வைக்கத்தக்க அலங்காரப் பொருளாக இன்று இது விற்கப்படுகிறது. நிலமோ மொட்டைமாடியோ இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அழகுக்காக வாங்கிய டெர்ரேரியங்களில் பல, சில மாதங்களுக்குள் அழுகியோ கருகியோ விடுகின்றன. இது ஓர் அலங்காரப் பொருள் மட்டுமல்ல; நீர், காற்று, ஒளி, நுண்ணுயிர் ஆகியவை சேர்ந்து இயங்கும் சிறு சூழல் தொகுதியும் ஆகும். அந்த இயக்கத்தைப் புரிந்துகொண்டு அமைத்தால் ஒரே குடுவை பல ஆண்டுகள் பசுமையாக இருக்கும்.

இயங்கும் முறை

மூடிய டெர்ரேரியத்தில் முதலில் கண்ணுக்குத் தெரிவது நீர்ச் சுழற்சி. மண்ணில் உள்ள நீரை வேர்கள் உறிஞ்சுகின்றன. அந்நீரின் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியாக ஆவியாக வெளியேறுகிறது. மண்ணின் மேற்பரப்பிலிருந்தும் நீர் ஆவியாகிறது. இந்த ஆவி வெளியே போக வழியில்லாததால் குளிர்ந்த கண்ணாடிச் சுவரில் பட்டுத் துளிகளாகிறது. துளிகள் வழிந்து மீண்டும் மண்ணைச் சேர்கின்றன. கடலிலும் நிலத்திலும் எழும் ஆவி மேகமாகி மழையாகத் திரும்புவதும் இதே முறையில்தான். அதனால்தான் நன்கு அமைந்த மூடிய குடுவைக்குப் பல மாதங்கள் நீர் ஊற்றாமலே இருக்க முடிகிறது.

இரண்டாவது, வாயுக்களின் சுழற்சி. பகலில் செடிகள் ஒளியின் உதவியால் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்துச் சர்க்கரையாக்கி ஆக்சிஜனை வெளிவிடுகின்றன. இது ஒளிச்சேர்க்கை. செடிகள் இரவும் பகலும் சுவாசிக்கின்றன. அப்போது ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. உதிர்ந்த இலைகளை மண்ணிலுள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் மக்கச் செய்யும்போதும் கார்பன் டை ஆக்சைடு கிடைக்கிறது. கூடவே செடிக்கான தாதுச்சத்தும் மண்ணுக்குத் திரும்புகிறது. ஆகவே உதிர்ந்த இலை குடுவைக்குள் முழுக் கழிவு அல்ல. அடுத்த இலைக்கான மூலப்பொருள்.

இந்தச் சமநிலை எளிதில் குலையக்கூடியது என்பதற்கு மிகப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் சுமார் 1.27 ஹெக்டேர் பரப்பில் ‘பயோஸ்பியர் 2’ என்ற மூடிய கண்ணாடிக் கட்டடம் கட்டப்பட்டது. 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் அதற்குள் சென்று இரண்டு ஆண்டுகள் வாழத் தொடங்கினர். உள்ளே ஆக்சிஜன் அளவு இயல்பான 20.9 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 14.5 சதவீதமாகக் குறைந்ததால், 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. மக்கிய உரம் மிகுந்த மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகி, செடிகள் ஈடுசெய்ய முடியாத வேகத்தில் ஆக்சிஜனைப் பயன்படுத்தியது முக்கியக் காரணம். அவை வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. மேசைமேல் வைக்கும் குடுவைக்கும் இது பொருந்தும்: மூடிய கலத்தில் உரம் மிகுந்தால் செடியைவிட அழுகல்தான் வேகமாக வளரும்.

மூடிய டெர்ரேரியத்துக்குள் பொருள் எதுவும் நுழைவதில்லை, வெளியேறுவதும் இல்லை. ஆற்றல் மட்டும் ஒளியாக நுழைந்து வெப்பமாக வெளியேறுகிறது. இதனால் ஒளியே இதன் உயிர்நாடி. அதுவே அளவு மீறினால் ஆபத்தும் ஆகும். நேர் வெயிலில் வைத்த மூடிய குடுவையில் சூடான காற்று வெளியேற முடியாது. வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் கொதிப்பது போலக் குடுவையின் உட்புறமும் சூடேறி, சிறிது நேரத்திலேயே செடிகள் வெந்துவிடும்.

வகைகள்

1. மூடிய டெர்ரேரியம்: மூடியுள்ள கலம். உள்ளே ஈரப்பதம் எப்போதும் மிகுந்திருக்கும். மழைக்காட்டின் தரைப்பகுதியில் நிழலில் வளரும் செடிகளுக்கு ஏற்றது. பெரணி, தரைப்பாசி, ஃபிட்டோனியா போன்றவை இதில் செழிக்கும்.

2. திறந்த டெர்ரேரியம்: வாய் அகன்ற, மூடியில்லாத கலம். ஈரம் வெளியேறிவிடும். கள்ளி வகைகளும், தடித்த இலைகளில் நீரைச் சேமிக்கும் ஹவோர்தியா போன்ற செடிகளும் இதற்கு உரியவை. நீர்ச் சுழற்சி இதில் நடைபெறாது. இடைவெளி விட்டு அளவாக நீர் ஊற்ற வேண்டும்.

3. பாசித் தோட்டம்: தரைப்பாசி வகைகளை மட்டும் வைத்து அமைப்பது. குன்று, புல்வெளி போன்ற தோற்றம் தரும்.

4. நீர்நிலத் தோட்டம்: ஒரு பகுதி நீராகவும் மற்றொரு பகுதி நிலமாகவும் அமைவது. பலூடேரியம் எனப்படுகிறது. சிற்றோடை, குளக்கரை போன்ற காட்சிகளை உருவாக்க உதவும்.

கடைகளில் கள்ளியையும் பாசியையும் ஒரே கிண்ணத்தில் சேர்த்து வைத்து விற்பதைக் காணலாம். பார்வைக்கு அழகாக இருந்தாலும் இவை இரண்டும் ஒன்றாக வாழ முடியாதவை. பாசிக்குத் தேவையான ஈரத்தில் கள்ளியின் வேர் அழுகும். கள்ளிக்குத் தேவையான வறட்சியில் பாசி காய்ந்து பழுப்பாகும். வாங்கிய சில வாரங்களில் டெர்ரேரியம் பாழாவதற்கு இப்பொருந்தாச் சேர்க்கை ஒரு முக்கியக் காரணம்.

வரலாறு

கண்ணாடிக்குள் செடி வளர்ப்பது பரவலானது 19ஆம் நூற்றாண்டின் லண்டனில்தான். அந்நகரின் கிழக்குப் பகுதியில் வெல்கிளோஸ் சதுக்கத்தில் நத்தேனியல் பேக்ஷா வார்டு என்ற மருத்துவர் வாழ்ந்தார். தாவர ஆர்வம் மிகுந்த அவர் தம் தோட்டத்தில் பெரணிகளை வளர்க்க முயன்றார். நிலக்கரிப் புகை சூழ்ந்த நகரக் காற்றில் அவை தொடர்ந்து பட்டுப்போயின. 1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழு எப்படிப் பூச்சியாகிறது என்று பார்ப்பதற்காக, ஈரமண்ணுள்ள கண்ணாடிக் குடுவையில் அதைப் புதைத்து மூடி வைத்தார். சில நாட்களில் அந்த மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருப்பதைக் கண்டார். வெளித்தோட்டத்தில் பிழைக்காத பெரணி குடுவைக்குள் செழித்தது. நீரே ஊற்றாமல் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அச்செடிகள் வாழ்ந்தன. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே புகுந்த பிறகே அவை அழிந்தன.

இதன் பயனை உணர்ந்த வார்டு, மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்த பெட்டிகளைச் செய்வித்தார். 1833இல் பெரணிகளும் புற்களும் நட்ட இரண்டு பெட்டிகள் லண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் அனுப்பப்பட்டன. மாதக்கணக்கான பயணத்தின் முடிவில் செடிகள் உயிருடன் போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள் நடப்பட்டு 1834இல் திரும்பின. கேப் ஹார்ன் முனையின் பனியையும் நிலநடுக்கோட்டின் வெப்பத்தையும் கடந்து அவை லண்டனை நல்ல நிலையில் அடைந்தன. அதற்கு முன் கடற்பயணத்தில் இருபது செடிகளில் பத்தொன்பது இறந்துவிடும். வார்டின் பெட்டி வந்த பிறகு இருபதில் பத்தொன்பது பிழைத்தன என்று லண்டன் செடி வணிகர் ஜார்ஜ் லாடிஜஸ் கணக்குச் சொன்னார். 1842இல் வார்டு தம் சோதனைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். புகை சூழ்ந்த நெருக்கமான வீடுகளில் வாழும் ஏழைகளுக்கும் இப்பெட்டிகள் பசுமை தரும் என்பது அவர் விருப்பம். ‘வார்டியன் பெட்டி’ எனப் பெயர் பெற்ற இதுவே இன்றைய டெர்ரேரியத்தின் முன்னோடி.

இப்பெட்டி உலகின் வேளாண்மையையே மாற்றியது. 1848 முதல் 1851 வரை ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைச் செடிகளையும் விதைகளையும் இப்பெட்டிகளில் இமயமலை அடிவாரத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான குயினைனைத் தரும் சின்கோனா மரம் தென் அமெரிக்காவிலிருந்து 1860களின் தொடக்கத்தில் நீலகிரிக்கு வந்ததும் இப்பெட்டிகளின் உதவியால்தான். நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டமும் குயினைன் தொழிற்சாலையும் பின்னர் அமைந்தன. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு வந்த ரப்பர் விதைகளில் முளைத்த சுமார் 1,900 கன்றுகள், 38 வார்டியன் பெட்டிகளில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு ஹெனரத்கொடையில் நடப்பட்டன. மறு ஆண்டு சிங்கப்பூருக்கும் கன்றுகள் சென்றன. பின்னாளில் ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்ட மலாயா ரப்பர் தோட்டங்களின் தொடக்கம் இக்கன்றுகளே. ஒரு நாட்டின் செடியை மற்றொரு நாட்டில் வளர்த்து இலாபம் ஈட்டிய குடியேற்ற ஆட்சிக்கு இந்தக் கண்ணாடிப் பெட்டி ஒரு கருவியாக இருந்தது. பெட்டிகளிலிருந்த மண்ணோடு பூச்சிகளும் செடி நோய்களும் நாடுவிட்டு நாடு பரவின. நோய்த்தடுப்புச் சட்டங்களும் விமானப் போக்குவரத்தும் வந்த பிறகு, 20ஆம் நூற்றாண்டில் இதன் பயன்பாடு மறைந்தது.

மறுபுறம், வீட்டு அலங்காரமாகவும் இது பரவியது. 1845இல் பிரிட்டனில் கண்ணாடி மீதான வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிவாயிற்று. நடுத்தர வர்க்க வீடுகளின் கூடங்களில் வேலைப்பாடு மிக்க பெரணிப் பெட்டிகள் இடம்பெற்றன. பெரணி சேகரிக்கும் மோகம் அக்காலத்தில் நாடெங்கும் பரவியது. 1970களில் பெரிய பாட்டில்களுக்குள் செடி வளர்க்கும் பழக்கம் மேலைநாடுகளில் மீண்டும் எழுந்தது. இங்கிலாந்தில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் 1960இல் நட்ட செடி, 1972க்குப் பின் நீரே ஊற்றப்படாமல் பாட்டிலுக்குள் வாழ்ந்து வருவதாக 2013இல் செய்தித்தாள்கள் எழுதின.

கலமும் அடுக்குகளும்

நிறமற்ற, தெளிவான கண்ணாடிக் கலமே ஏற்றது. நிறக் கண்ணாடி செடிக்குத் தேவையான ஒளியைக் குறைத்துவிடும். விலையுயர்ந்த கலம் தேவையில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் ஜாடி, மிட்டாய் ஜாடி, பழுதில்லாத மீன்தொட்டி எதுவும் பயன்படும். கை நுழையும் அளவுக்கு வாய் அகன்றிருந்தால் தொடக்க நிலையினருக்கு வேலை எளிது. கலத்தைச் சோப்பு நீரால் கழுவி, சோப்பு போக நன்கு அலசி, உலர்த்திய பின்பே பயன்படுத்த வேண்டும்.

பூந்தொட்டியைப் போல இதன் அடியில் துளை இல்லை. ஊற்றிய நீர் முழுவதும் உள்ளேயே தங்கும். இக்காரணத்தால் அடியிலிருந்து மேலாகப் பல அடுக்குகள் இடப்படுகின்றன. சுமார் 25 செ.மீ. உயரமுள்ள ஜாடிக்கு ஏற்ற அளவுகள் பின்வருமாறு:

1. வடிகால் அடுக்கு: 2 முதல் 3 செ.மீ. வரை கூழாங்கல் அல்லது உடைத்த செங்கல் துண்டுகள். மிகையான நீர் இங்கே தேங்கும். வேர் நீரில் மூழ்காது.

2. பிரிப்பு வலை: கொசுவலைத் துண்டு போதும். மண் கீழே இறங்கிக் கற்களின் இடைவெளியை அடைக்காமல் இது தடுக்கும்.

3. கரி: அரை செ.மீ. அளவு, சிறு துண்டுகளாக உடைத்த மரக்கரி. துர்நாற்றத்தைக் குறைக்க உதவுவதாகக் கருதப்படுகிறது. சாம்பலைப் பயன்படுத்தக் கூடாது. மிகை நீரால் வரும் அழுகலைக் கரி சரிசெய்துவிடாது.

4. மண் கலவை: 5 முதல் 6 செ.மீ. வரை. தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, ஆற்றுமணல் அல்லது பெர்லைட் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலை உரம் சிறிதளவு. பொள்ளாச்சி போன்ற தென்னைப் பகுதிகளிலிருந்து வரும் நார்க்கழிவு கட்டிகள் எங்கும் கிடைக்கின்றன. நார்க்கழிவில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். வெறும் களிமண் இறுகி வேருக்குக் காற்று கிடைக்காமல் செய்துவிடும்.

திறந்த வகைக்கு மணலின் பங்கைப் பாதிக்கு மேல் உயர்த்த வேண்டும்; உரம் தேவையில்லை.

ஏற்ற செடிகள்

சிறியது, மெதுவாக வளர்வது, நிழலையும் ஈரத்தையும் விரும்புவது ஆகிய மூன்று பண்புகளும் உள்ள செடியே மூடிய கலத்துக்குப் பொருந்தும்.

• ஃபிட்டோனியா: தென் அமெரிக்க மழைக்காட்டுச் செடி. இலையில் வெள்ளை, சிவப்பு நரம்புகள் வலைபோல் ஓடும். ஈரம் குறைந்தால் உடனே துவண்டு, நீர் கிடைத்ததும் நிமிர்வதால் மண்ணின் நிலையைக் காட்டும் செடியாகவும் பயன்படுகிறது.

• பெப்பரோமியா: மிளகு, வெற்றிலைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சிறிய இலை வகைகள் ஏற்றவை.

• சிறு பெரணிகள்: ஈரமும் நிழலும் இருந்தால் போதும். பூக்காத இவை வித்துத்தூள் மூலம் பெருகும்.

• செலாஜினெல்லா: பாசிபோல் தோன்றும், ஆனால் பெரணிகளுக்கு நெருங்கிய தாவரம். தரையை மூடிப் படரும்.

• சுவரில் படரும் சிற்றிலை அத்தி: ஃபைகஸ் பூமிலா எனப்படும் கொடி. பாறை, மரக்கட்டை மேல் படரவிடலாம். வேகமாக வளர்வதால் அடிக்கடி நறுக்க வேண்டும்.

• தரைப்பாசி: மாஸ் எனப்படும் இதற்கு உண்மையான வேர் இல்லை. நீரை இலைப்பரப்பாலேயே உறிஞ்சுகிறது. மண்ணோடு ஒட்டும்படி அழுத்தி வைத்தால் போதும்.

தமிழ்நாட்டுக் கிணறுகளின் உட்சுவரை எட்டிப் பார்த்தால் இச்செடிகளின் விருப்பம் விளங்கும். கோடையில் மேலே புல்லும் காய்ந்து கிடக்க, உள்ளே கல்லிடுக்கில் பெரணியும் பாசியும் பச்சையாக இருக்கும். நிழல், அசையாத காற்று, நீங்காத ஈரம் ஆகியவையே காரணம். மூடிய குடுவை செய்வதும் இதையேதான்.

மணிபிளான்ட், சிங்கோனியம் போன்றவை தொடக்கத்தில் அழகாக இருந்தாலும் விரைவில் கலத்தை நிறைத்துவிடும். துளசி, ரோஜா, மல்லிகை போன்ற வெயில் விரும்பும் செடிகள் இதற்குப் பொருந்தா.

அமைக்கும் முறை

முதலில் செடிகளைத் தொட்டியிலிருந்து எடுத்து, பழைய மண்ணை உதிர்த்து, வேரில் புழுவோ மாவுப்பூச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சி பற்றிய ஒரு செடி மூடிய கலத்தில் மற்ற எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அழுகிய, மஞ்சளான இலைகளைக் கிள்ளிவிட வேண்டும்.

மண் கலவையை இடுவதற்கு முன்பே ஈரமாக்குவது நல்லது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். அழுத்திப் பிழிந்தால் ஓரிரு துளிக்கு மேல் நீர் சொட்டக் கூடாது. அடுக்குகளை இட்ட பின், முதலில் கல்லையும் மரக்கட்டையையும் அமைத்து, பிறகு பெரிய செடி, அடுத்துச் சிறிய செடி, கடைசியாகப் பாசி என்ற வரிசையில் நட வேண்டும். வாய் குறுகிய பாட்டிலானால் நீண்ட கரண்டி, குச்சி, இடுக்கி ஆகியவை உதவும். இலைகள் கண்ணாடியில் ஒட்டாதவாறு இடைவெளி விட வேண்டும். ஒட்டிய இடத்தில் நீர் தங்கி இலை அழுகும்.

நட்ட பின் சில முறை நீர் தெளித்து, கண்ணாடியில் படிந்த மண்ணைத் துடைத்து மூட வேண்டும். முதல் இரண்டு வாரம் கவனிக்க வேண்டிய காலம். காலையில் கண்ணாடியில் இலேசாகப் பனித்து மதியத்தில் தெளிந்தால் ஈரம் சரியாக உள்ளது. நாள் முழுவதும் எதிரே உள்ள செடி தெரியாத அளவுக்குத் துளிகள் மூடியிருந்தால் ஈரம் மிகை. சில மணி நேரம் திறந்து வைத்து, பிறகு மூட வேண்டும். பனிக்கவே இல்லையெனில் சில கரண்டி நீர் சேர்க்கலாம். இவ்வாறு சரிசெய்த பிறகு பல வாரங்களுக்குத் தொட வேண்டியதில்லை.

அலங்கார அமைப்பு

குறைந்த இடத்தில் விரிந்த நிலக்காட்சியைக் காட்டுவதே டெர்ரேரியத்தின் கலை. சீனாவின் பென்ஜிங், ஜப்பானின் போன்சாய் ஆகியவை இதே நோக்கமுடைய பழைய கலைகள். தமிழ் வீடுகளில் நவராத்திரிக் கொலுவின் அருகே மண்ணைப் பரப்பி, கடுகும் கேழ்வரகும் முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கிப் பூங்கா அமைப்பதும் சிறு நிலக்காட்சிக் கலைதான். அதில் முளை சில நாட்களே நிற்கும். டெர்ரேரியத்தில் காட்சி வளர்ந்துகொண்டே இருக்கும்.

• சரிவு: மண்ணைச் சமமாகப் பரப்பாமல் பின்புறம் உயர்த்தி முன்புறம் தாழ்த்தினால் ஆழம் கூடித் தெரியும்.

• மையப்பொருள்: ஒரு பாறை, ஒரு வேர்க்கட்டை அல்லது ஒரு செடி மட்டும் கண்ணை முதலில் ஈர்க்க வேண்டும். அதைச் சரியாக நடுவில் வைப்பதைவிடச் சற்று ஒதுக்கி வைப்பது இயற்கையாக இருக்கும்.

• அளவுப் பொருத்தம்: சிறு இலைச் செடி அருகே இருந்தால் கைப்பிடிக் கல்லும் மலையாகத் தோன்றும். பெரிய இலை வந்தால் அந்தத் தோற்றம் கலைந்துவிடும்.

• ஒரே வகைக் கல்: பல நிறக் கற்களைக் கலப்பதைவிட ஒரே வகைக் கல்லைப் பல அளவுகளில் பயன்படுத்துவது ஒருமை தரும்.

• வெற்றிடம்: முழுவதும் நிறைக்காமல் மணல் பாதையோ பாசி வெளியோ விட்டால் காட்சி விரிவாகத் தெரியும், செடி வளரவும் இடம் இருக்கும்.

பொம்மை வீடு, பாலம், மாடு, மனிதர் போன்றவற்றை வைப்பவர்கள் ஈரத்தில் கெடாத பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும், காகிதமும் பதப்படுத்தாத மென்மரமும் பூசணம் பிடிக்கும், மலிவான சாயம் கரையும். கடற்சிப்பியும் சுண்ணாம்புக் கல்லும் மெல்லக் கரைந்து மண்ணின் அமிலத்தன்மையைக் குறைப்பதால் பெரணித் தோட்டத்தில் தவிர்ப்பது நல்லது. சுட்ட களிமண், கருங்கல், கண்ணாடி ஆகியவை பாதுகாப்பானவை.

பராமரிப்பு

நேர் வெயில் படாத, ஆனால் புத்தகம் படிக்கப் போதுமான வெளிச்சமுள்ள சன்னலோரம் ஏற்ற இடம். வெளிச்சம் குறைந்த அறையில் எல்இடி விளக்கை நாள்தோறும் 8 முதல் 12 மணி நேரம் எரியவிடலாம். செடி ஒரு பக்கமாகச் சாயாமலிருக்க வாரம் ஒருமுறை கலத்தைத் திருப்பி வைக்க வேண்டும். கோடையில் மேற்கு வெயில் விழும் சன்னலிலிருந்து அகற்றிவிட வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதியாக இருந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு படியும். வடிகால் இல்லாததால் உப்பு மண்ணிலும் சேரும். மழைநீர் அல்லது ஆர்ஓ நீர் நல்லது.

பொதுவான குறைகளும் தீர்வுகளும்:

• மரக்கட்டையில் வெண்ணிறப் பூசணம்: முதல் சில வாரங்களில் இயல்பு. துடைத்துவிட்டுச் சிறிது நேரம் திறந்து வைக்க வேண்டும். பூசணத்தை உண்ணும் ஸ்பிரிங்டெயில் என்ற நுண்ணிய, தீங்கற்ற உயிரிகளைச் சிலர் விடுவதுண்டு.

• அழுகிய நாற்றம்: அடியில் நீர் தேங்கிக் காற்றில்லாத நிலை ஏற்பட்டுள்ளது. தேங்கிய நீரை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

• தண்டு நீண்டு இலைகள் விலகுதல்: வெளிச்சம் போதவில்லை.

• இலைகள் வெளிறிக் கருகுதல்: நேர் வெயில் பட்டுள்ளது.

• கண்ணாடியில் பச்சைப் படிவு: ஒளியும் ஈரமும் மிகுந்ததால் வரும் நீர்ப்பாசி. துணியால் துடைக்கலாம்.

செடி வளர்ந்து மூடியைத் தொட்டால் நுனியைக் கத்தரிக்க வேண்டும். வளர்ச்சியைத் தூண்ட உரமிடுவது மூடிய கலத்துக்குத் தேவையற்றது; மெதுவாக வளர்வதே அதன் ஆயுளுக்கு நல்லது.

கல்வியில் பயன்

பள்ளியில் நீர்ச் சுழற்சி, ஒளிச்சேர்க்கை, மக்குதல் ஆகியவற்றை ஒரே குடுவையில் நேரில் காட்ட முடியும். எளிய சோதனை ஒன்று: காற்றுப் புகாதபடி மூடிய குடுவையைத் துல்லியமான தராசில் நிறுத்து எடையைக் குறித்துவைத்து, சில மாதங்கள் கழித்து மீண்டும் நிறுக்க வேண்டும். செடி வளர்ந்து புதிய இலைகள் விட்டிருக்கும். ஆனால் மொத்த எடை மாறியிருக்காது. புதிய இலைக்கான பொருள் முழுவதும் உள்ளிருந்த நீரிலிருந்தும் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் வந்தது என்பதை மாணவர்கள் உணரலாம். ஒரே அளவான இரு குடுவைகளில் ஒன்றை வெளிச்சத்திலும் மற்றதை இருட்டு அலமாரியிலும் வைத்து ஒப்பிட்டால் ஒளியின் பங்கு விளங்கும்.

செடி சேகரிப்பதில் கவனம்

19ஆம் நூற்றாண்டின் பெரணி மோகத்தால் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கில்லார்னி பெரணி போன்ற அரிய வகைகள் பல இடங்களில் வேரோடு பிடுங்கப்பட்டு அருகிப்போயின. வீட்டுக்குள் ஒரு சிறு காட்டை அமைக்கும் ஆர்வம் வெளியிலுள்ள காட்டை அழித்தது. கொடைக்கானல், நீலகிரி, வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்குச் செல்வோர் மரத்திலும் பாறையிலும் உள்ள பாசியைப் பெயர்த்து எடுப்பதும் அத்தகையதே. மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடும் பாசிப் பரப்பு மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். காப்புக் காடுகளிலிருந்து செடிகளை எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

மழைக்காலத்தில் வீட்டு மதில், மொட்டைமாடி, பழைய தொட்டி ஆகியவற்றில் தானே வளரும் பாசியையும் பெரணியையும் பயன்படுத்தலாம். நர்சரியில் வளர்த்த செடிகளையும் வாங்கலாம். ஃபிட்டோனியா, பெப்பரோமியா ஆகியவற்றில் ஒரு தண்டை நறுக்கி நட்டாலே வேர்விடும் என்பதால், நன்கு வளர்ந்த ஒரு குடுவையிலிருந்தே அடுத்த குடுவைக்கான செடிகளைப் பெற முடியும்.